தலைநகரில் யாரிடம் முறையிடுவது?

வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழர் இருவர் சந்தித்தால், க்ஷேமலாபங்களை விசாரித்து முடித்த மறுகணமே பேச்சு அவர்கள் குடியிருக்கும் நகரத்தின் குறைகளுக்குத் திரும்பிவிடுகிறது. மும்பையில் இருப்பவருக்கு மழையும் மின்சார ரயிலின் நெரிசலும். கொல்கத்தாவில் இருப்பவருக்குப் புழுக்கம். பெங்களூரில் இருப்பவருக்கு நகராத வாகனங்கள். தில்லியில் வாழும் நாங்களோ கோடையில் அனற்காற்றைப் பற்றியும், குளிர்காலத்தில் புகைமூட்டத்தைப் பற்றியும், இடைப்பட்ட சில இனிய வாரங்களில் வீட்டுக்காரரைப் பற்றியும் பேசிப் பொழுதைக் கழிக்கிறோம். பிற நகரங்களிலுள்ள நேயர்கள் தத்தம் ஊரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நான் நன்கறிந்த ஊர் தில்லியாகையால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

குறை கூறுவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று புலம்பல், மற்றொன்று முறையீடு. புலம்புகிறவனுக்குக் கேட்பவர் யாராயிருந்தாலும் போதும். ஒருவரும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. முறையிடுகிறவனுக்கோ ஒரு வாயில் வேண்டும். அந்த வாயிலுக்குள்ளே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். புகார் நகரிலிருந்து பிழைப்புத் தேடிக் கணவனோடு மதுரைக்கு வந்த கண்ணகி அந்த ஊருக்குப் புதியவள்தான். எனினும் தான் சென்று நிற்க வேண்டிய வாயில் எது என்பதில் அவளுக்கு ஐயம் எழவில்லை. (அவள் பிறந்த ஊரின் பெயரும், இந்துஸ்தானியிலிருந்து நமக்கு வந்த புகார் என்னும் சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயலே.) இன்றைய தில்லிவாசிக்கு முதலில் எழுவதே அந்த ஐயந்தான். தண்ணீர், சாலை, காற்று என்று இந்த நகரத்தின் குறைகளை எத்தனை அடுக்கினாலும், அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரியாதிருப்பதே தலையாய குறை என்பது என் அபிப்பிராயம்.

1951-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தில்லியில் சுமார் பதினேழரை லட்சம் பேர் இருந்தனர். 2011-இல் அத்தொகை 1 கோடியே 68 லட்சம் ஆயிற்று. இத்தனை பேருக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறது? யமுனையிலிருந்தும், மேல் கங்கைக் கால்வாயிலிருந்தும், பக்ரா அணையிலிருந்தும், நிலத்தடியிலிருந்தும் வருகிறது. அதாவது குழாயைத் திறக்கும்போது நாம் பல மாநிலங்களின் தயவைத் திறக்கிறோம். 2016 பிப்ரவரியில் ஹரியானாவில் நடந்த இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சியின்போது முனக் கால்வாய் சேதப்படுத்தப்பட்டது. தில்லியின் பல பகுதிகளில் குழாய்கள் வறண்டன. குளிர்காலத்தில் யமுனை நீரில் அம்மோனியாவின் அளவு மிகும்போதெல்லாம் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை குறைக்கப்படுகிறது. அன்று காலையில் வாளியோடு நிற்கும் இல்லத்தரசி திட்டுவது குழாய்த் திறப்பாளரை. அவரோ அம்மோனியாவுக்குப் பொறுப்பானவர் அல்லர்.

மனுநீதிச் சோழனின் அரண்மனையில் ஆராய்ச்சி மணி ஒன்றுதான் தொங்கியது. பசுவும் அதன் கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டது. தில்லியில் மணிகள் பல. மாநகராட்சி 1958-இல் ஏற்பட்டது. அது 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இப்போது 250 வட்டங்கள் கொண்டது. அமைச்சகங்கள் உள்ள மையப் பகுதிக்குப் புது தில்லி நகராட்சிக் கவுன்சில் என்று தனி அமைப்பு. கண்டோன்மெண்டுக்கு வேறொன்று. நிலமும் காவல்துறையும் மத்திய அரசைச் சேர்ந்தவை. 1991-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் சட்டமன்றம் கிடைத்தபோதும் அவை இரண்டும் கைக்கு வரவில்லை. குடிநீருக்கு 1998-இல் அமைந்த ஜல் வாரியம். மின்சார விநியோகம் 2002 முதல் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடம். இவையெல்லாம் போகட்டும். வீட்டு வாசலில் சாலை பழுதானால், அதன் அகலத்தை அளந்த பிறகே மனு எழுத உட்கார வேண்டும். அறுபது அடிக்கு மேற்பட்ட சாலைகள் பொதுவாகப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு, குறுகிய தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. மழைநீரோ இந்தப் பேதங்களைக் கவனிப்பதில்லை. ஒரு துறையின் தெருவில் பெய்து மற்றொரு துறையின் வடிகாலில் போய்த் தேங்குகிறது.

இது வெறும் வேடிக்கையாக முடிந்துவிடுவதில்லை. 2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை, பழைய ராஜேந்திர நகரில் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறையில் மழைநீர் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தமிழகத்துப் பிள்ளைகளும் ஏராளமாகத் தங்கியிருக்கும் வட்டாரம் அது. இறந்தவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்தவர். அனுமதிக்கு மாறாக அந்த நிலவறை பயன்படுத்தப்படுகிறது என்று வேறொரு மாணவர் ஒரு மாதத்துக்கு முன்பே மனு அனுப்பியிருந்தார். நினைவூட்டுக் கடிதங்களும் அனுப்பினார். மனு பரிசீலனையில் இருந்தது. அவர் புலம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முறைப்படி, எழுத்தில், உரிய இடத்தில் முறையிட்டிருந்தார். மணி அடித்தது, எழுந்து வருவதற்கு ஆள் இல்லை.

ஆகவே முறையிட்டுப் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றைப் பற்றிய வழக்கையே பாருங்கள். வழக்கறிஞர் எம். சி. மேத்தா தில்லியின் காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவைத் தாக்கல் செய்தது 1985-இல். நகரப் பேருந்துகள் யாவும் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்ற உத்தரவு பிறந்தது 1998 ஜூலையில். மாற்றம் நிறைவேறியது 2002-இன் இறுதியில். பதினேழு ஆண்டுகள்! இடையே பேருந்துகள் குறைந்து, நிறுத்தங்களில் மணிக்கணக்கில் நின்றவர்கள் அந்த உத்தரவையும் திட்டினார்கள். எனினும் பேருந்துகளின் பின்புறத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த கரும்புகை ஓய்ந்தது.

அந்த வெற்றி நிலைக்கவில்லை என்பது ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் தெரிகிறது. வாகனங்கள் பெருகின. புழுதி, ஆலை, குப்பை எரிப்பு ஆகியவற்றின் பங்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது. அவற்றோடு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகையும் சேருகிறது. இதிலே ஒரு விசித்திரம் உண்டு. நிலத்தடி நீர் வற்றுவதைத் தடுக்க அவ்விரு மாநிலங்களும் 2009-இல் சட்டம் இயற்றி, நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தன. நடவு பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. கோதுமை விதைப்பதற்குள் வயலைச் சுத்தம் செய்ய உழவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. தீக்குச்சியே மலிவான கருவியாகிவிட்டது. காற்று ஓய்ந்து குளிர் இறங்கும் நாட்களாகப் பார்த்துப் புகையும் வந்து சேருகிறது. ஓரிடத்துத் தண்ணீர்க் குறைக்குக் கண்ட பரிகாரம் மற்றோரிடத்துக் காற்றுக் குறைக்கு ஒரு காரணமாயிற்று. இதற்கு எந்த நகராட்சியின் வாயிலில் போய் நிற்பது? மாநில எல்லைகளைக் கடந்து செயல்படுவதற்கென்று 2021-இல் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. வாயில் ஒன்று ஏற்பட்டது. அதன் வலிமையைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்கத்திலும் மலை மந்திரிலும் நாம் கூடிப் பேசும் குறைகளில் நூற்றில் ஒரு பங்காவது எழுத்தில் ஏறுகிறதா என்பது சந்தேகம். "ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போகப்போகிறோம், நமக்கேன் வம்பு?" என்று சொல்லியே நாற்பது ஆண்டுகள் இருந்துவிடுகிறோம். சிலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இன்னும் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. தன் வட்டத்து உறுப்பினருக்கு வாக்களிக்காதவரின் குறையை அந்த உறுப்பினர் ஏன் கேட்கப் போகிறார்? ஹிந்தி சரளமாக வராது என்பதும் தக்க காரணமன்று. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். எந்த அலுவலகம் என்று தெரியாமல் திகைப்பவருக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், அந்த அலுவலகமே ஐந்து நாட்களுக்குள் அதை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்குக் கெடு முப்பது நாட்கள். வாயிலைத் தேடும் பொறுப்பை வாயிற்காவலரிடமே ஒப்படைத்த விதி இது.

மனு எழுத மேசையும், அனுப்ப விலாசமும் உள்ளவர்களுக்கு இதெல்லாம் பொருந்தும். விலாசமே வழக்குக்குரியதாக இருப்பவர்களின் நிலை வேறு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராஸி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி பல்லாண்டுகளாக இருந்தது. தமிழகத்திலிருந்து வந்து, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்த குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. மழைக்காலத்தில் சுற்றுப்புறங்களில் வெள்ளம் தேங்குகிறது, வடிகாலை அகலப்படுத்த வேண்டும் என்பது நகரவாசிகளின் நெடுநாளைய குறை; நியாயமான குறையுங்கூட. உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2025 ஜூன் 1-ஆம் தேதி அங்கிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுள்ளவை என்று கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. தகுதிப் பட்டியலில் இடம் பெறாதவர்களுக்கு அதுவும் இல்லை.

வெள்ளம் தேங்குவதைப் பற்றி மனு எழுதியவர்களிலே, அந்தக் கேம்ப்பிலிருந்து தம் வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கிய அம்மாளின் வீடு எந்தக் கரையில் இருந்தது என்று அறிந்தவர் எத்தனை பேரோ! நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வந்து திரும்புவதென்றால் பயணத்திலேயே அரை நாள் போய்விடும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, பூசா சாலை, மந்திர் மார்க் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நரேலாவில் ஒன்றும் இல்லை. புதிய விலாசத்தோடு அங்கே குடியேறியிருப்பவர்களுக்குப் பள்ளியைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் எழுத வேண்டிய மனுக்கள் இருக்கின்றன. தமிழில் அவர்கள் சொல்வதைக் கேட்டு ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுக்கக்கூடியவர்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நரேலாவுக்குப் பேருந்து உண்டு.