மூன்று அலமாரிப் புத்தகங்களும் ஒரு ரிப்போர்ட்டும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"படித்த புத்தகங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் போனில் கேட்டார். "நான் இன்ஜினீயர் சார், எனக்கு என்ன தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். "அதுக்குத்தான் கூப்பிடுறேன்" என்றார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன், கவலை வேண்டாம்.

நான் 2011 பேட்ச், இன்ஸ்ட்ருமென்டேஷன். மூன்றாம் வருஷம் கல்லூரி விழாவுக்கு நாடகம் போட வேண்டும். வசனம் எழுத வேண்டிய நண்பனுக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டான். கையில் ஒரு வரி இல்லை. எட்டுப் பேர் மெஸ் ஹாலில் கூடி, சாம்பார் வாளியைச் சுற்றி ஆளுக்கொன்று நடித்துப் பார்த்து, பிடிக்காததைக் கலைத்து, திரும்ப நடித்து, பத்து நாளில் ஒரு நாடகம் தேற்றினோம். பரிசும் கிடைத்தது.

மறுநாள் நூலகர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "நீங்க செஞ்சதுக்குப் புத்தகமே இருக்கு தம்பி" என்று தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். ஒன்று, அலிசன் ஓடி 1994இல் எழுதிய 'டிவைசிங் தியேட்டர்'. எழுதி முடித்த பிரதி இல்லாமல், ஒரு பொருளிலிருந்தோ படத்திலிருந்தோ கேள்வியிலிருந்தோ தொடங்கி, குழுவாகவே நாடகத்தை உருவாக்கும் முறை பற்றியது. மற்றொன்று, பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் எழுதிய 'ஒடுக்கப்பட்டோரின் அரங்கு'. 1971இல் ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. பெரு நாட்டில் நாடகம் நடத்திய அனுபவம் ஒன்றை அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். பார்வையாளர்களில் ஒரு பெண்மணி ஒரு யோசனை சொன்னார். நடிகர்கள் எத்தனை முறை நடித்துக் காட்டியும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில், "நீங்களே வந்து நடித்துக் காட்டுங்கள்" என்று அவரையே மேடையேற்றினார்கள். அவர் நடித்த பிறகுதான் அவர் சொன்னதன் அர்த்தம் மற்றவர்களுக்குப் புரிந்தது. அன்று இதை ஒரு நல்ல கதை என்றுதான் படித்தேன்.

இரண்டாவது அலமாரி நாவல். டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்'. இவான் ஒரு நீதிபதி. விலாவில் வலி வந்து பெரிய டாக்டரிடம் போகிறார். 'எனக்கு ஆபத்தா, இல்லையா?' என்பதுதான் அவர் அறிய விரும்புவது. டாக்டருக்கோ சிறுநீரகம் இடம் மாறியிருக்கிறதா, குடல்வாலில் கோளாறா என்பதுதான் விவகாரம். தான் கோர்ட்டில் குற்றவாளிகளை எப்படி நடத்தினாரோ, அதே தோரணையில் டாக்டர் தன்னை நடத்துவதை இவான் உணர்கிறார். கடைசியில் அவருக்கு ஆறுதல் தருபவன், அவர் கால்களைத் தன் தோளில் தாங்கியபடி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் கெராசிம் என்ற வேலைக்காரப் பையன்தான்.

மூன்றாவது அலமாரி, நம் துறையில் பரீட்சைக்காக மட்டும் புரட்டியது. நான்சி லெவ்சன் 1995இல் எழுதிய 'சேஃப்வேர்'. அதில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை வருகிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்; சிலர் உயிரிழந்தார்கள். பத்து மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்தேன், மார்க்கும் வாங்கினேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து, மருத்துவமனைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் சரக்கு சிரிஞ்ச் பம்ப். ஐ.சி.யூ.வில் நோயாளிக்கு மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று துல்லியமாகச் செலுத்தும் கருவி. சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையிலிருந்து அவசர அழைப்பு. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து மணிக்கு 2.5 மில்லி போக வேண்டிய பெரியவருக்கு 25 மில்லி வேகத்தில் போயிருக்கிறது. மானிட்டர் அலறியதும் டியூட்டி டாக்டர் ஓடிவந்து நிறுத்தியதால் பெரியவர் பிழைத்தார்.

விசாரணைக்குப் போனவன் நான். பம்பின் பதிவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு, ஐந்து, உறுதி. புள்ளி அழுத்தியதற்குப் பதிவே இல்லை. எதிரே நின்ற சிஸ்டர், "நான் புள்ளி அழுத்தினேன் சார், நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'கருவியில் குறை இல்லை. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.' அவருக்கு மெமோ கொடுத்து, ஐ.சி.யூ.விலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க அதே 'சேஃப்வேர்' புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்த முறை பரீட்சை இல்லை, நிதானமாகப் படித்தேன். 1986இல் டெக்சஸ் மாநிலம் டைலர் ஊரில் நடந்தது. இயந்திரத்தை இயக்கிய பெண் ஒரு எழுத்தைத் தவறாக அடித்து, உடனே திருத்தினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். அந்தக் கோளாறு அவர்கள் கையில் வரவே இல்லை. அதிக அளவு கதிர்வீச்சு போக வழியே இல்லை என்றார்கள். மூன்று வாரத்தில் இன்னொரு நோயாளிக்கும் அதே கதி. அப்போது அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர், அந்தப் பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்து, அவர் அன்று செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அனுபவமுள்ள கை வேகமாகத் திருத்தும்போது மட்டும் மென்பொருள் தடுமாறுகிறது என்று அகப்பட்டது. கம்பெனிக்காரர்கள் மெதுவாகத் தட்டியதால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டேன். மெஸ் ஹால் நினைவுக்கு வந்தது. பெரு நாட்டுப் பெண்மணி நினைவுக்கு வந்தார். இவான் இலியிச்சை விசாரித்த டாக்டர் வேறு யாருமில்லை, நான்தான் என்றும் தோன்றியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த சிஸ்டரைத் தேடிப் போனேன். "மறுபடியும் என்னை மாட்டிவிடவா சார் வந்திருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. கெஞ்சித்தான் அழைத்து வந்தேன். வார விடுமுறை நாளில், தோழிகள் இருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் மீட்டிங் மேஜைதான் கட்டில். ஒரு பையன் நோயாளியாகப் படுத்தான். விளக்கைக் குறைத்து, அலாரச் சத்தங்களை ஓடவிட்டோம். முதலில் நர்ஸ் வேடம் எனக்கு. பம்புக்கு நேர் எதிரே நின்று நிதானமாக அழுத்தினேன். எல்லாம் சரியாக வந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டார். "இப்படி யாரும் நிக்க மாட்டாங்க சார். நகருங்க" என்று தாமே வந்தார்.

ஸ்டாண்டில் மூன்று பம்புகளை மாட்டச் சொன்னார். நம் பம்ப் கீழே, முழங்கால் உயரத்தில் வந்தது. கையுறை ஈரமாக இருக்கும் என்று நனைத்துக்கொண்டார். ஒரு கையால் நோயாளியின் தோளைப் பிடித்தபடி, பக்கவாட்டில் குனிந்து மறு கையால் அழுத்தினார். பக்கத்துக் கட்டிலிலிருந்து தோழி, "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார். திரும்பத் திரும்ப இப்படியே நடித்தோம். பதினான்காவது முறை திரையில் 25 என்று நின்றது. அவர் புள்ளியை அழுத்தியதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். மூலையிலிருந்த அந்த விசை, ஓரத்தில் பட்ட அழுத்தத்தை ஏற்கவில்லை. பம்ப் போட்ட பீப் சத்தமும் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. திரையிலோ புள்ளி எறும்பளவு.

யாரும் பேசவில்லை. அவர் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். விசைப் பலகை மாறியது. புள்ளிக்குப் பின் வரும் எண் சிறிய அளவில் தெரியும்படி செய்தோம். வேகம் திடீரென்று பல மடங்கு கூடினால் பம்ப் இன்னொரு முறை கேட்கும். இதில் எங்கள் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. பயன்படுத்துபவரை வைத்தே கருவியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.ஈ.சி. 62366 என்ற சர்வதேசத் தரநிலை 2007இலேயே வந்துவிட்டது. கோப்பில் அதற்கு டிக் போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் மெமோ ரத்தாக ஒரு வருஷம் ஆயிற்று. ஐ.சி.யூ.வுக்குத் திரும்ப அழைத்தார்கள், அவர் போகவில்லை. "பயம் வந்திருச்சு தம்பி" என்றார். சார் என்று அழைத்தவர் தம்பி என்று அழைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பயம் நான் கொடுத்தது. அதைச் சரிசெய்ய எந்த ரிப்போர்ட்டாலும் முடியாது.

நண்பர்களே, நாடகப் புத்தகம் பொழுதுபோக்குக்கு, நாவல் தூக்கம் வருவதற்கு, தொழில்நுட்பப் புத்தகம் சம்பளத்துக்கு என்று நான் பிரித்து வைத்திருந்தேன். மூன்றையும் சேர்த்துப் படித்திருந்தால் முதல் ரிப்போர்ட்டே வேறு மாதிரி வந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்ன இந்த நான்கு புத்தகங்களிலும் இரண்டிரண்டு பிரதி நம் நூலகத்துக்கு இன்று கொடுத்திருக்கிறேன். மூன்று அலமாரிகளில் பிரிக்காமல் ஒரே தட்டில் அடுக்கச் சொல்லி நூலகர் ஐயாவிடம் கேட்டேன். "எண் முறை இடிக்குமே தம்பி" என்று தலையைச் சொறிந்தார்; பிறகு சரி என்றார். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டை ஒப்படைக்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரைக் கூப்பிட்டு ஒருமுறை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நகர்ந்து நின்று பாருங்கள்.