பாதைக்கு அக்கரையில் கேட்ட பாட்டு

(நூற்றாண்டு விழா இசை மாலையில் ஆற்றிய உரை)

 

குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள் சார்பில் பேசுகிறோம். சற்று முன் தங்கச்சிமார் பாடிய பரமேஷ் - கோணேஷ் பாடல்கள் எங்களை எழுபதுகளுக்கே கொண்டுபோய்விட்டன.

அவர்கள் திருகோணமலையின் பிள்ளைகள். எம்.பி. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டில் நம் ஊர்க் குரல் சுழன்றது எங்களுக்குப் பெரும் பெருமை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ என்று பொப் பாட்டு நாடெங்கும் பரவிய காலம் அது. வெள்ளைக்காரன் சரக்கு என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதில் பாதி பைலா, 6/8 தாளம். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வயலினோடு காப்பாற்றி வைத்த ஆட்டப்பாட்டின் உறவு. அயல்வீட்டுப் பாட்டுத்தான்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குழுவை நாங்கள் மேடையில் ஒருநாளும் பார்க்கவில்லை. கச்சேரி முடியும் நேரத்தில் கிண்ணியாத் துறையில் பாதை இராது. இருந்தாலும் வாப்பா விட்டிருக்கமாட்டார். காக்காமார் போய்வந்து சொல்வதைக் கேட்டுத்தான் கிற்றார் யார் கையில், என்ன நிறச் சட்டை என்று அறிந்தோம்.

இந்த விழாவுக்காகப் பழைய வீடியோக்களைச் சேர்த்தோம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தோழிகள் அனுப்பினார்கள். அவற்றில் எழுபதுகளின் இளைஞர்கள் இல்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல், ரூபவாஹினி 1982இல். கிடைத்தவை பிற்கால மேடைகள். நரைத்த தலையோடு அக்காலப் பாடகர்கள். “இவங்களும் கிழண்டிட்டாங்களே” என்றாள் எங்களில் ஒருத்தி. சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

போரில் வீட்டைவிட்டு ஓடியபோது இசைத்தட்டை யார் தூக்கினார்? பிள்ளையையும் அடையாள அட்டையையும்தான் தூக்கினோம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. ஆனால் 2021 நவம்பர் 23இல், குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை முடியாதிருந்தபோது, பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் பாதையைப் பற்றி இனி நாங்கள் இனிமையாக மட்டும் பேச முடியாது.

ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கசெற் இருந்தால் எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிட்டும் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். சங்கத்திடம் தாருங்கள். எந்த மண்டபம், எந்த ஆண்டு, யார் பாடியது என்று எழுதித் தாருங்கள். முக்கியமாகப் பெண் குரல்களின் பெயர்களை எழுதுங்கள். அவைதான் முதலில் மறந்துபோகின்றன.

இன்று கிற்றார் வாசித்த தங்கச்சியின் உம்மா முன்வரிசையில் இருந்து கைதட்டினார். எங்கள் பக்கம் போக பஸ் வாசலில் நிற்கிறது. இன்னும் இரண்டு பாட்டுப் பாடுங்கள் பிள்ளைகளே, ஆறுதலாகப் போவோம்.