திசையிற் பிறந்த சொல்



ஒரு மொழிக்கு இடும் பெயர், அம்மொழி நூல்கள் எவர்க்குரியவை என்பதையே மாற்றிவிடக் கூடும். 'நொர்ரோன்' என்னும் ஸ்காண்டிநேவியப் பெயரடை இதற்குச் சான்று.

வடக்கைக் குறிக்கும் 'நொர்த்ர்' என்னும் சொல்லோடு 'அத்திசையிலிருந்து வருவது' எனப் பொருள்தரும் விகுதி சேர, இடையிலிருந்த பல்லொலி கெட்டு 'நொர்ரோன்' ஆயிற்று. தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகியவற்றுக்கும் இவ்வாறே சொற்கள் உண்டு. காற்றுக்கும் இவை அடையாக வரும். நம் வாடையை அவர்கள் 'நொர்ரோன்' காற்று என்பர். நாம் வழங்கும் 'வடமொழி'யும் திசைப்பெயரே. ஆயினும் அது பிறர் மொழிக்கு நாம் இட்டது. 'நொர்ரோன்' அம்மக்கள் தம் மொழிக்குத் தாமே வழங்கிய பெயர்.

இடைக்காலத்தில் இச்சொல் பெரும்பாலும் நார்வேயரையே சுட்டியது. மொழி முழுவதற்கும் 'டேனிய நா' என்ற பெயரும் வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூசல் எழுந்தது. 1811இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் தம் இலக்கணத்தை 'ஐஸ்லாந்திய அல்லது பழைய வடபுல மொழி'க்கு உரியதென்றார். 1847இல் நார்வேயின் முங்க், உங்கர் இருவரும் அதே மொழியைப் 'பழைய நார்வே மொழி அல்லது நொர்ரோனா மொழி' என்றனர். டென்மார்க்கின் பிடியிலிருந்து 1814இல் விடுபட்ட நாட்டுக்குப் பழம்பெருமை தேவைப்பட்டது. ஆனால் ஸாகாக்களுள் மிகப் பலவற்றை எழுதியோர் ஐஸ்லாந்தியர். நார்வே மன்னர் வரலாற்றை எழுதிய ஸ்நோரி ஸ்டுர்லுசனும் (1179–1241) ஐஸ்லாந்தியரே. எனினும் அனைத்தையும் ஐஸ்லாந்துக்கே உரிமையாக்கினால், 'அரசர் கண்ணாடி' போன்ற நார்வே நூல்கள் விடுபடும்.

இன்றைய நார்வே மொழி இச்சிக்கலை அழகுறத் தீர்த்துள்ளது. 'நொர்ஸ்க்' நார்வேக்குரியது, 'நோர்டிஸ்க்' வடபுல நாடுகள் அனைத்திற்கும் பொது, 'நொர்ரோன்' இடைக்கால நார்வே, ஐஸ்லாந்து மொழியையும் பண்பாட்டையும் குறிப்பது. ஐஸ்லாந்திலோ இதே சொல்லின் இன்றைய வடிவம் வடபுல நாடுகள் அனைத்தையும் தழுவுகிறது. ரெய்க்யவிக் நகரில் 1968இல் திறக்கப்பெற்ற வடபுல மன்றத்தின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. ஒரே சொல், ஓரிடத்தில் பழமை; மற்றோரிடத்தில் நிகழ்காலம்.

ஸாகாக்களைத் தமிழில் தருவோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: அவற்றை 'நார்வே இலக்கியம்' என எழுதிவிடாதீர்கள். எழுதியவன் கையிலிருந்து அவன் நூலைப் பறிக்க ஒரு பிழையான அடைமொழியே போதும்.