உளியும் ஏடும் சேர்ந்த கதை

மணியாச்சி ஜங்ஷனில் வடக்கே போகிற ரயிலைப் பிடித்தால், கடம்பூர் தாண்டி கோவில்பட்டி. அங்கே பஸ் மாறி மேற்கே போனால் கழுகுமலை. கரிசக்காட்டு நடுவில் ஒற்றையாக நிற்கிற அந்தப் பாறையில்தான் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை.

இதைக் கட்டவில்லை, குடைந்தார்கள். சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு கல்லைத் தனியே நிறுத்தி, உச்சியிலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்தார்கள். விமானம் முடிந்துவிட்டது, அடிப்பகுதி முடியவில்லை. தப்பாக வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியாது. அதனால் முதல் உளி விழுவதற்கு முன்பே மொத்த அளவும் சிற்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு வேறு, கைவேலை வேறு என்று பிரிக்க அங்கே இடமே கிடையாது.

பின்னால் பிரிந்துதான் போனது. பொறியியல் கல்லூரியில் வரைபடமும் சிமெண்ட்டும். மயமதம், மானசாரம் மாதிரியான வடமொழி நூல்கள் பண்டிதர்களிடம். உளியோ ஸ்தபதி வீடுகளில், அப்பன் சொல்ல மகன் கேட்கிற பாடமாக.

இந்த மூன்றையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்து வைத்தது மாமல்லபுரம். 1957இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. தலைமை வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு 1961இலிருந்து 1988 வரை மகன் கணபதி ஸ்தபதி. கழுகுமலையில் ஒரு கதை சொல்வார்கள்: மகன் வேலை தன் வேலையை மிஞ்சிவிட்டதென்று பொறாமைப்பட்ட அப்பன், அவனைக் கொன்றே போட்டானாம். மாமல்லபுரத்தில் அப்பன் நாற்காலியைக் கொடுத்தார்!

பிள்ளைகள் அங்கே கல்லும் சுதையும் மரமும் உலோகமும் கையால் பழகினார்கள், கூடவே சிற்ப நூலும் படித்தார்கள். கணபதி ஸ்தபதியே தமிழில் ‘சிற்பச் செந்நூல்’ எழுதினார். வாய்ப்பாடமாக இருந்தது பாடப்புத்தகம் ஆனது. இன்றைக்கு அங்கே மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். படிக்கலாம்.

அந்தப் படிப்புக்கு என்ன பலன் என்று கேட்டால், நான் கன்னியாகுமரியைக் காட்டுவேன். கணபதி ஸ்தபதி அமைத்த திருவள்ளுவர் சிலை: பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. திறப்பு 2000 ஜனவரி 1. இடுப்பு ஒரு பக்கம் வளைந்து நிற்கிற உருவம். கல்லை அடுக்கி அந்த வளைவைக் கொண்டுவருவது லேசில்லை. அதனால் முதலில் மரத்தில் மாதிரி செய்து, உடலின் நடுவே ஓடுகிற சூத்திரக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். சூத்திரம் நூலில் இருந்தது, அது சரிதானா என்று சொன்னது மரம். ஆராய்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். கல்லில் கைவைத்தது அதற்கப்புறம். 2004 சுனாமி அந்தச் சிலை மேலேயே வந்து மோதியது. சிலை அசையவில்லை.