நிறம் ஒரு வேலைத் தகுதியா?



மாடலிங் ஒரு தொழில். துணியையும் நகையையும் முகப்பூச்சையும் விற்பதற்காக, உடலையும் நேரத்தையும் கூலிக்குத் தந்து, ரேம்ப் எனப்படும் நடைமேடையில் நடந்தும் கேமராவின் முன் மணிக்கணக்கில் நின்றும் செய்யும் உழைப்புக்கே அந்தப் பெயர். அந்த உழைப்புக்கும் ஆள்சேர்ப்பு உண்டு, ஏஜென்சி என்ற தரகு உண்டு, கமிஷன் உண்டு, வேலையே வராத மாதங்களும் உண்டு. தொழில் என்று ஒப்புக்கொண்ட அளவிலேயே, அதில் யாரைச் சேர்ப்பது, யாரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்ற கேள்வி கலை ரசனையின் எல்லையைத் தாண்டித் தொழிலாளர் உரிமையின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆகவேதான், இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தப் பென்னலூரில், காரும் செல்போனும் செய்து உலகுக்கு அனுப்பும் வட்டாரத்தின் நடுவில், அக்கேள்வியை எழுப்புவது பொருத்தமே.

வேலைக்கு எடுக்கும்போது திறமையைப் பாராமல் ஆளைத் தள்ளுவது என்றால் என்ன என்பதை இந்த வட்டாரம் அண்மையில்தான் விவாதித்தது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படவில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும், ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மை எதுவாயினும், ஓர் ஆள்சேர்ப்பு நிபந்தனை செய்தியானவுடன் அரசு விளக்கம் கேட்டது என்பதே இங்கே கவனிக்கத் தக்கது. விளம்பரப் படத்துக்கு ஆள் தேடும் காஸ்டிங் அறிவிப்புகளிலோ வயது, உயரம், இடுப்பளவு ஆகியவற்றோடு “சிவந்த நிறம்” என்ற நிபந்தனையும் கூச்சமின்றி அச்சேறுகிறது. அதற்கு எந்த அமைச்சகமும் அறிக்கை கேட்டதாகத் தெரியவில்லை.

நிறத்தை வேலையோடு முடிச்சுப் போட்டவர்கள் வியாபாரிகளே என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1975-இல் இந்துஸ்தான் லீவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, முதலில் கல்யாணச் சந்தையைக் காட்டி விற்றது. பின்னர் உத்தியோகத்தைக் காட்டி விற்றது. மகன் இல்லையே என்று வருந்தும் ஓர் எளிய வீட்டுத் தகப்பன், அவருடைய மகள் க்ரீம் பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகிக் கைநிறையச் சம்பளம் வாங்கும் கதையாக வந்த விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. அதன் விளைவாக 2003-இல் அது தொலைக்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அந்தக் கதையை இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். அதில் விற்கப்பட்ட பொருள் வேலை. பெண்ணின் படிப்பும் திறமையும் முயற்சியும் கணக்கிலேயே வரவில்லை. குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தூரத்து மாவட்டங்களிலிருந்து பேருந்தேறி, வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட, 18,720 பெண்கள் தங்கக்கூடிய அந்தப் பெரும் விடுதிக்கும் அதைச் சுற்றியுள்ள எத்தனையோ சிறு ஹாஸ்டல்களுக்கும் வந்து சேர்கின்ற பெண்களின் பதற்றம் எதுவோ, அந்தப் பதற்றத்தின் மீதுதான் அந்தச் சரக்கு விலை வைத்தது.

2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் கொல்லப்பட்டு, நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்தபோது, அந்தக் க்ரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாட்டின் பெண்களைத் தங்கள் தோலைப் பார்த்தே வெட்கப்பட வைத்த பிறகு பெயர்ப் பலகையை மாற்றுவது பரிகாரம் ஆகாது. அதற்கும் முன்னர் 2014-இல், இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு, அதாவது விளம்பரத் துறையினரே தம்மைத் தாம் கண்காணித்துக்கொள்ள 1985-இல் அமைத்த தன்னார்வ அமைப்பு, கறுத்த நிறத்தவரைத் துயரம் மிக்கவராகவும் வேலைக்கும் திருமணத்துக்கும் தகுதி குறைந்தவராகவும் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. விதி நல்ல விதிதான். ஆனால், கறுத்தவரை அழ வைத்துக் காட்டாதே என்று சொல்லும் அந்த விதி, கறுத்தவரையே காட்டாமல் விடுவதைத் தடுக்கவில்லை. விளம்பர உலகம் அந்த இரண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டது.

இந்த இல்லாமையைத் தமிழ்நாட்டில் யாரும் தேடிப் போய்க் காண வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துத் தறியில் பட்டு நெய்கிறவர்கள், திருப்பூரில் பனியன் தைக்கிறவர்கள், அவற்றை வாங்கி உடுத்துகிறவர்கள் ஆகிய அனைவரும் பெரும்பாலும் மாநிறத்தவரும் கறுத்தவருமே. அந்தப் பட்டையும் பனியனையும் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துப் பேனர்களில் நிற்பவர்களோ பம்பாயிலிருந்து அழைத்து வரப்பட்ட வெளுத்த முகத்தினர். கடை வாசலில் துணி உடுத்தி நிறுத்தும் பொம்மைகூட வெளிர் ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது. 2017-இல் சென்னையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் உரிமையாளரான சரவணன், ஹன்சிகா, தமன்னா ஆகிய நடிகைகளோடு தம் கடை விளம்பரத்தில் தாமே நடித்தபோது, சமூக ஊடகங்களில் அவருடைய தோற்றத்தைக் குறித்து எழுந்த ஏளனம் சிறிதன்று. சொந்தக் கடை, சொந்தப் பணம், சொந்த முகம். அப்படியும் அந்த முகம் அந்தச் சட்டகத்துக்குள் நிற்கத் தகாதது என்று, ஏறத்தாழ அதே நிறத்தில் இருந்த மக்களே சிரித்தார்கள். அவருக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட கதாநாயகிகளின் நிறத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணமுள்ள ஆணுக்கே இது கதி என்றால், ஏழை வீட்டுக் கறுத்த பெண் ஒரு போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலை தேடும் மாடல் தன் படங்களைத் தொகுத்து வைக்கும் ஆல்பத்தை, தூக்கிக்கொண்டு ஏஜென்சியின் படியேறும்போது அவளுக்கு நேர்வது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் துறையினர் சொல்லும் பதில் ஒன்றுதான்: வாடிக்கையாளர் இதைத்தான் விரும்புகிறார்கள். விருப்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. குறுந்தொகை முதலான அகப்பாடல்களில் பெண்ணின் நலம் மாந்தளிரின் நிறமாகப் போற்றப்படுகிறது. அந்த நிறம் வெளிறிப் பசலை படர்வதோ பிரிவு தந்த நோயாக, அழகின் இழப்பாகக் கருதப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் உள்ளிட்ட இந்நிலத்தின் எத்தனையோ கோயில்களில், கருவறையின் கருங்கல் திருமேனிக்கு எண்ணெய்க் காப்பிட்டு, அந்தக் கருமையின் மினுமினுப்பில்தான் மக்கள் கடவுளின் அழகைக் கண்டு வந்திருக்கிறார்கள். அதே மக்களின் வீட்டுச் சுவரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப்படங்களும், பின்னர் சிவகாசிக் காலண்டர்களும் ஏறியபோது லட்சுமியும் சரஸ்வதியும் வெளுத்துப் போனார்கள். கண்ணனுக்கு நீலச் சாயம் பூசப்பட்டது. வீட்டுக்கு வீடு தொங்கிய முதல் விளம்பர மாடல் அந்தக் காலண்டர் லட்சுமிதான் என்றால் அது மிகையாகாது.

அதனால்தான் 2017 டிசம்பரில் சென்னையில் நடந்த ஒரு சிறு முயற்சி பெரிதும் மதிக்கத் தக்கதாகிறது. புகைப்படக் கலைஞர் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் ஆகிய இருவரும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற பெயரில், கறுத்த மாடல்களைக் கொண்டு லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை, சீதை, முருகன் முதலிய உருவங்களைப் படம்பிடித்தார்கள். லட்சுமியாக வீற்றிருந்தவர் சுருதி பெரியசாமி என்ற தமிழ்நாட்டு மாடல். தலையில் கிரீடம், கழுத்து நிறைய நகை, கையில் தாமரை என எல்லாம் காலண்டரில் உள்ளபடியே இருக்க, முகம் மட்டும் இந்த ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள், தம் கண்கள் இத்தனை காலம் எப்படிப் பழக்கப்பட்டிருந்தன என்பதை அந்தத் திடுக்கிடலிலேயே அறிந்துகொண்டிருப்பார்கள். இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2009-இல், ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற சென்னை அமைப்பின் சார்பில் கவிதா இம்மானுவேல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்த பிறகு அது நாடெங்கும் பேசப்பட்டது.

பழக்கப்பட்டது கண் மட்டுமன்று, கருவியும்தான். கலர் ஃபிலிம் காலத்தில், கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கெல்லாம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. பளிச்சென்ற உடையணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அதில் இருக்கும். முதலில் அதற்கு நின்றவர் ஷெர்லி என்ற கோடாக் ஊழியர் என்பதால் ‘ஷெர்லி அட்டை’ என்ற பெயர் வந்தது. அவருடைய தோல் சரியாக விழுந்திருந்தால் இயந்திரம் சரியாக இயங்குகிறது என்று பொருள். கறுத்த முகம் நிழல் திட்டாகி, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தால், குறை அந்த முகத்தின் தலையில் ஏற்றப்பட்டது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தபோது வெளிவந்த ஒரு செய்தி நெஞ்சைச் சுடுகிறது: பழுப்பு நிறச் சாயல்களைத் துல்லியமாகப் பதியும்படி ஃபிலிமைத் திருத்த வைத்ததில், தங்கள் சரக்கு படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும் பங்கு இருந்தது. கறுத்த மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது. கூகுள் தன் செல்போன் கேமராவில் எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்ட முயலும் வசதியை 2021-இல்தான் அறிமுகப்படுத்தியது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிறச் சாயல் கொண்ட அளவுகோலை 2022-இல்தான் வெளியிட்டது.

இந்த வட்டாரத்து ஆலைகளில் நாள்தோறும் நடப்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொப்பி, முகக்கவசம், கையுறை, நிலைமின்சாரம் பாயாத கோட்டு ஆகியவற்றுக்குள் கண்கள் மட்டும் தெரிய, ஷிப்ட் முழுவதும் ஒரு பெண் செல்போனைப் பூட்டுகிறாள். அறைக்குத் திரும்பித் தன் சொந்தச் செல்போனில் ஒரு செல்ஃபி எடுத்தால், அதிலுள்ள ‘பியூட்டி’ ஃபில்டர் அவள் கேட்காமலே அவளை இரண்டு படி வெளுப்பாக்கித் தருகிறது. அவள் கை இல்லாமல் அந்தக் கருவி இல்லை. அந்தக் கருவியின் அழகுக் கணக்கிலோ அவள் முகம் இல்லை.

தோலை மாற்றியாக வேண்டும் என்ற நெருக்கடி உடம்பையே கெடுக்கிறது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் பீட்டாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டு களிம்புகளை, அதாவது தோல் நோய்க்குக் குறுகிய காலம் மட்டும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளை, வெளுப்பதற்காக மாதக்கணக்கில் தடவினால், தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரிந்து, முகத்தில் முடியும் முளைக்கிறது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகிறது. இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு ஆணையிட்டும் விற்பனை நின்றபாடில்லை. பாதரசம் கலந்த க்ரீம்களோ சிறுநீரகத்தையே தாக்குகின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களைக் கோட்டக்கல் மருத்துவர்கள் 2023-இல் அடையாளம் கண்டார்கள். “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்” என்று பெண் பார்க்க வந்த வீட்டில் அன்போடு சொல்லப்படுகிற வார்த்தைக்கும் இந்தக் களிம்புக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

பாரிஸைக் காட்டி, அங்கே கறுத்த மாடல்களுக்கு மதிப்பு இருக்கிறதே என்று சொல்வோர் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த மாடல் லட்சுமி மேனன் அங்கே பெரும் வடிவமைப்பாளர்களின் மேடைகளில் நடந்தது உண்மை. ஆனால் 1920-இல் தொடங்கிய பிரெஞ்சு வோக் இதழின் அட்டையில் ஒரு கறுப்பின மாடல், நவோமி கேம்ப்பெல், இடம்பெற்றது 1988-இல்தான். ஐரோப்பா தானாக மனம் திருந்திவிடவில்லை. சட்டம் அதைத் திருத்த வேண்டியிருந்தது. பிரான்சில் மாடலைத் தொழிலாளியாகவே சட்டம் கருதுகிறது. உடல் தோற்றத்தைக் கணினியில் மெலிதாக்கியோ பருமனாக்கியோ வெளியிடும் விளம்பரப் படத்தில், அது திருத்தப்பட்டது என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2017 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. நியூயார்க் மாநிலம் மாடல்களுக்கான தனிப் பாதுகாப்புச் சட்டத்தை 2024 டிசம்பரில் இயற்றியது. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் மாடல்களின் சங்கங்களும் அவர்களுடைய போராட்டமும் இருக்கின்றன.

இந்தியாவில் சட்டத்துக்கு இடமில்லையா? அரசியலமைப்பின் 15, 16 ஆம் உறுப்புகள் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் முதலியவற்றைச் சொல்கின்றன, நிறத்தைச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டை மட்டுமே தடுக்கிறது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958-இல் நிறைவேற்றிய 111-ஆம் உடன்படிக்கை, வேலையிலும் தொழிலிலும் செய்யப்படும் பாகுபாட்டை வரையறுக்கும்போது, இனத்துக்கு அடுத்த சொல்லாகவே நிறத்தை வைத்திருக்கிறது. இந்தியா அதை 1960-இலேயே ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாக்குறுதி உள்நாட்டுச் சட்டமாக மாறாமல் கிடப்பதற்கு, அதைக் கேட்க ஆளில்லாததே பெருங்காரணம்.

கேட்பதற்கு இந்த வட்டாரத்தைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்காக 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்த மண் இது. விளம்பரத்துக்கும் வரவேற்பு மேசைக்கும் ஷோரூமுக்கும் ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் நிறம் குறிப்பிடுவதை 111-ஆம் உடன்படிக்கையின்படி குற்றமாக்க வேண்டும்; கணினியில் வெளுப்பாக்கிய படத்தில் அதைச் சொல்ல வேண்டும்; கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தன் அடுத்த தீபாவளி விளம்பரத்துக்குக் கைத்தறி நெய்யும் ஊர்களிலிருந்தே முகங்களைத் தேர்ந்தெடுத்து, தொழில்முறை மாடலுக்குரிய முழுக் கூலியையும் கொடுக்க வேண்டும். இம்மூன்றையும் எழுதிய மனு, இங்கே உள்ள ஒவ்வொரு சங்கத்தின் முத்திரையோடும் ஒவ்வொரு விடுதியிலும் உள்ள பெண்களின் கையொப்பத்தோடும், தீபாவளிப் படப்பிடிப்புகள் தொடங்குவதற்கு முன்பாகத் தேனாம்பேட்டையிலுள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சேர்க்கப்பட வேண்டும்.