பேறு எனப்படுவது யாது?



நத்தார்ப் பண்டிகை நெருங்கும் நாட்களில் கொழும்புப் புறக்கோட்டைத் தெருக்களிலே நடந்து செல்வதும் அரிதாகிவிடுகின்றது. புத்தாடையும் விளையாட்டுப் பொருளும் கைத்தொலைபேசியும் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்கி வீடு திரும்புவோர், “கர்த்தர் எம்மை ஆசீர்வதித்தார்” என்று மகிழ்வதுண்டு. நன்றியுணர்வு நல்லதே. ஆயினும், வாங்கியவன் ஆசீர்வாதம் பெற்றவன் எனின், வாங்க இயலாது வெறுங்கையுடன் திரும்பியவனைக் கடவுள் கைவிட்டார் என்பதன்றோ அதன் மறுபுறம்?

மலைப்பொழிவின் தொடக்கத்தில் அமைந்த வாழ்த்துரைகளை நேயர்களிற் பலர் அறிவர். பழைய தமிழ் வேதாகமம் ‘பாக்கியவான்கள்’ என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ என்றும் கூறுமிடத்தில், கிரேக்க மூலத்தில் நிற்பது ‘மக்காரியோஸ்’ என்னுஞ் சொல்லாகும். பழங்கிரேக்கர் அச்சொல்லைத் தேவர்களுக்கும் குறைவற்ற செல்வர்க்கும் வழங்கினர். நற்செய்தி நூல்களோ அதனை எளியோர்க்கும் துயருறுவோர்க்கும் சூட்டின. லூக்கா நற்செய்தியில் நான்கு வாழ்த்துகளை அடுத்து நான்கு எச்சரிக்கைகள் வருகின்றன. அவற்றுள் முதலாவது செல்வரை நோக்கியதாகும்.

வறுமை நல்லது என்பது இதன் பொருளன்று. பசி தீர்க்கப்பட வேண்டியதே. கடவுளின் அருளைப் பண்டங்களின் தொகையால் அளத்தல் கூடாது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய பொருள்.

இவ்வுண்மையை எமது நாட்டின் அண்மை வரலாறும் உணர்த்துகின்றது. 1977ஆம் ஆண்டின் இறுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்த்தப்பட்டபின், முன்னர் காண்பதற்கரிய பொருள்கள் கடைகளை நிறைத்தன. தேவை எது, ஆசை எது என்ற எல்லைக்கோடு மெல்ல மங்கிற்று. இல்லாததை நினைந்து ஏங்கச் செய்வதே விளம்பரத்தின் தொழில். ஏக்கம் தீர்ந்தால் வாணிபம் நின்றுவிடுமாதலின், அது தீரவும் விடுவதில்லை. பின்னர் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை அரசு இடைநிறுத்தியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கையிற் பணமிருந்தோரும் பொருளின்றித் தவித்தனர். அன்று கடவுளின் ஆசீர்வாதம் இத்தீவை விட்டு நீங்கிற்று என்போமா? அதே ஆண்டில் தேவாலய வளாகங்களிலும் பிறவிடங்களிலும் சமூகச் சமையலறைகள் தோன்றின. உள்ளதைப் பகிர்ந்து பலரின் பசி தீர்த்த அவ்விடங்களிலேதான் பேறு என்பது கண்ணுக்குப் புலனாயிற்று.

ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட ஆசீர்வாதம், அவர் வழியாக மண்ணுலகத்தார் யாவரும் நன்மை பெறுதற்கேயாம். அது தேங்கிநிற்கும் குளமன்று. பாய்ந்து செல்லும் வாய்க்கால். லூக்கா கூறும் உவமையில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட எண்ணிய செல்வனின் குற்றம், அவனது வயல் விளைந்ததன்று. அவனது திட்டத்தில் அயலானுக்கு இடமில்லாமற் போனதேயாம்.

தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையிலிட அளந்த அரிசியில் ஒரு பிடியை அன்றாடம் திருப்பணிக்கென ஒதுக்கிவைப்பர். மிஞ்சியதைக் கொடுத்தலன்று அது. உண்பதிலிருந்தே எடுத்துக் கொடுத்தல். இவ்வாண்டு பண்டிகைக்கெனப் பொருள்களின் பட்டியல் எழுதுவோர், அதன் தலைப்பில் அயலார் ஒருவரின் தேவையை முதலில் எழுதிப் பார்ப்பாராக. எமக்குக் கிடைத்தவை ஆசீர்வாதமா, வெறும் பண்டமா என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.