காது கேட்கும் முன்னே கண் கேட்கும்



நாங்குநேரி வானமாமலை சந்நிதியில் உபன்யாசம் கேட்டுப் பழகிய காதுகள் உங்களுடையவை. கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு வல்லமை எங்கிருந்து வருகிறது என்று பேச இதைவிட நல்ல ஊர் ஏது? ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. மைக்செட் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது!

தூரம் போக வேண்டாம். களக்காட்டுப் பக்கம் டோனாவூர் இருக்கிறது. 1885இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்த தாமஸ் வாக்கர் தமிழை முறையாகக் கற்று, தமிழிலேயே பிரசங்கித்தவர். அவரிடம் தமிழ் படித்தவர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். இருவரும் டோனாவூருக்கு வருவதற்கு முன்பே, ஏமி நம்மூர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனார். நட்சத்திரக் கூட்டம் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பொன்னம்மாள் என்று ஒரு இளம் விதவை. அவர் சொன்ன செய்தியைக் கேட்க உட்கார்ந்த ஒரு சிறுமி, பெரியவளானதும் நானும் இவர்களோடு சேர்வேன் என்றாளாம். எதற்காக? அந்த அக்கா போட்டிருக்கிற மாதிரி நகை போட்டுக்கொள்ள! பேசியதெல்லாம் இயேசுவைப் பற்றி; குழந்தை கண்ணில் பட்டது நகை. பொன்னம்மாள் நகைகளைக் கழற்றிவிட்டார். நகையில்லாத காதும் கழுத்தும் குடும்பத்துக்கே தலைக்குனிவு என்று நினைத்த காலம், தாய்மார்களே! எத்தனை ஏச்சு விழுந்திருக்கும்!

அப்படியானால் படிப்பும் மொழியும் வேண்டாமா? வேண்டும். வாக்கர் அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பேசுகிறவன் வாழ்க்கை பேச்சுக்குக் குறுக்கே நின்றால், எந்தத் தமிழும் எடுபடாது.

வாழ்க்கை பேச்சுக்குத் துணை நின்றால்? நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, 'சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ' என்று பொருள்படச் சொல்லவைத்தார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலிக்காரர்கள். மேடை ஏது அவர்களுக்கு? கூட நாற்று நட்டவனிடம்தான் சொன்னார்கள். நேற்றுவரை இவன் எப்படி இருந்தான், இன்று எப்படி இருக்கிறான் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.